கமலேஸ்வரியின் பாதி வீடு

கமலேஸ்வரியிடம் வாய்கொடுத்துத் தப்பியவர்கள் திருகோணமலையில் அதிகம் பேர் இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டில் அவளுக்கு அற்றன்டன் என்கிற உதவியாள் வேலை. பார்வையாளர் நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் முண்டியடிக்கிற மாமிமாரையும் மச்சான்மாரையும் ஒரே பார்வையில் திருப்பி அனுப்புவாள். போனவர்கள் மதிலுக்கு வெளியே நின்று வயிறெரிவார்கள். ஆனால் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால், "கமலம் அக்கா இண்டைக்கு டியூட்டியோ?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். வாய் பொல்லாதது, மனம் தங்கம் என்று இந்த இடத்தில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மனமும் இலேசுப்பட்டதல்ல. ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

அவள் பிடித்த பிடிகளில் பெரியது வீடு. சொந்த வீடு.

அந்தப் பக்கத்தில் தாய் இருந்த வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். ஒரு மகள் என்றால் பிரச்சினை இல்லை. கமலேஸ்வரி வீட்டில் இரண்டு பேர், அவள் இளையவள். அக்காவுக்கு வீடு எழுதப்பட்டது. இவளுக்கு ஒரு சங்கிலியும் ஒரு சோடிக் காப்பும், "உனக்கும் ஒண்டு கட்டித் தருவம் பிள்ளை" என்ற வாக்கும் கிடைத்தன. வாக்குக் கொடுத்த அப்பர் அடுத்த வருசமே கண்ணை மூடிவிட்டார். பிறகென்ன, வாடகை வீடுதான். கட்டிய மனிசன் தவராசா துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்பவர். ஒரு சொல் பேசுமுன் மூன்று தரம் யோசிக்கிற ஆள். பிள்ளைகுட்டி இல்லை. சாமானைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இரண்டு பேரும் நகரத்தின் அரைவாசி ஒழுங்கைகளில் இருந்து பார்த்துவிட்டார்கள். கிணற்றில் எத்தனை வாளி அள்ளுகிறார்கள் என்று யன்னலுக்குள் நின்று பார்க்கிற வீட்டுக்காரி ஒருத்தி. சுவரில் பிள்ளையார் படம் மாட்டவும் விடாத வீட்டுக்காரர் ஒருவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி, அகதி முகாமில் கிடந்து திரும்பி வந்தபோது, இருந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய அம்மியில் அவர்கள் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கமலேஸ்வரி நடுவீதியில் நின்று அழுதாள். கேட்பாரில்லாமல் நிற்பது என்றால் என்னவென்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டாயிரத்து மூன்றில், சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில், உப்புவெளியில் நிலாவெளி வீதிக்கு மேற்குப் பக்கம் ஒரு வீடமைப்புச் சங்கம் புது வீடுகள் கட்டத் தொடங்கியது. அந்தக் கிழமைகளில் ஊருக்கே ஒரு தெம்பு வந்திருந்தது. சீமெந்து தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது, சோதனைச் சாவடியில் சிரித்த முகம் ஒன்றிரண்டு தென்பட்டது, கடற்கரை விடுதிகளுக்கு வெள்ளை பூசினார்கள். சங்கத்தின் செயலாளர் ஞானசேகரம், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலைபார்த்து இளைப்பாறியவர், ஆஸ்பத்திரி ஊழியர்களைக் கூட்டிவைத்துத் திட்டத்தை விளங்கப்படுத்தினார்.

"முழு வீடு வாங்க எல்லாருக்கும் வசதி இல்லை. அதால பாதியை நீங்கள் வாங்குங்கோ. மற்றப் பாதி சங்கத்தின்ர. மாதாமாதம் ஒரு சின்னத் தொகை கட்டிக்கொண்டு இருங்கோ. வசதி வரேக்க சங்கத்தின்ர பாதியையும் வாங்கிப்போடலாம்."

ஒரு நிபந்தனையும் சொன்னார். சங்கத்தின் பங்கு இருக்கும்வரை, வீட்டை வெளியாருக்கு விட்டால் சங்கம் வீட்டைத் திருப்பி எடுத்துவிடும். அது ஏனென்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் தொண்டு நிறுவனக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, கேட்ட வாடகையைக் கொடுத்து வீடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழைபாழைகளுக்கென்று கட்டுகிற வீடு அப்படிப் போய்விடக் கூடாது என்பது ஞானசேகரத்தின் கவலை.

கமலேஸ்வரிக்கு எல்லாம் விளங்கியது. பாதிக்குரிய காசுக்காகக் காப்பு இரண்டும் போயின. மனதுக்குள் ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. அவளுக்கு விளங்கியது எது என்பதில்தான் கதையே இருக்கிறது.

அவளுடைய அப்பரின் பூமி இறக்கக்கண்டி. அங்கே அப்பருக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாக ஒரு தென்னங்காணி இருந்தது. காணிப் பத்திரமான உறுதியில், பிரிக்காத காணியில் ஆளுக்குப் பாதிப் பங்கு என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் உறுதியை யார் பார்க்கிறார்கள்? கிணற்றடியிலிருந்து வேலி மூலைவரைக்கும் ஒரு கயிறு பிடித்து, இங்கால உனக்கு, அங்கால எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இவர் பக்கத்து மரத்தில் காய்த்து அவர் பக்கம் உருண்ட தேங்காய்க்கு எத்தனையோ தரம் சண்டை வந்தது. அந்தப் பக்கமெல்லாம் அதுதான் வழக்கம். பங்கு என்றால் அதற்கு ஒரு பக்கம் இருக்கும், பக்கம் என்றால் அதற்கு ஓர் எல்லை இருக்கும். கமலேஸ்வரி பிறந்ததிலிருந்து பார்த்த பாதி அந்தப் பாதிதான்.

ஆகவே வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்த நாளன்று அவள் நேரே ஞானசேகரத்திடம் போனாள்.

"சேர், எந்தப் பாதி எங்கட?"

மனிசன் பாவம், அந்த நேரம் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழிக்குள் மண் சரிந்த பஞ்சாயத்தில் நின்றார். நாலு பேர் நாலு பக்கத்தால் இழுத்தார்கள். இவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்து, "விருப்பமான பாதியை எடுங்கோ" என்று சொல்லிச் சிரித்தார். ஞானசேகரம் சிரிப்பதென்பது மாரியில் வெயில் அடிக்கிற மாதிரி. அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. "நல்ல மனிசன், தெரிவை எங்களுக்கு விட்டிட்டார்" என்று மகிழ்ந்துபோய்த் திரும்பி வந்தாள்.

வீடு பெரிதல்ல. முன்னுக்கு விறாந்தை, நடுவில் ஹோல், கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வோர் அறை, கிழக்கறைக்குப் பின்னால் குசினி. கமலேஸ்வரி கிழக்கை எடுத்தாள். கடல் காற்றும் அந்தப் பக்கம், குசினியும் அந்தப் பக்கம். விறாந்தையில் தொடங்கிப் பின் கதவுவரைக்கும் சுண்ணாம்பால் நேராக ஒரு கோடு இழுத்தாள். கதவு இரண்டும் நடுவில் வந்துவிட்டபடியால் அவை பொது என்று தீர்ப்பாயிற்று. மேற்கறையைக் கூட்டித் துடைத்துப் பூட்டினாள்.

"கமலம், அப்படியில்லை. வீடு முழுக்க நாங்கள் இருக்கலாம். மாசம் கட்டுற காசு அதுக்குத்தான்" என்றார் தவராசா.

"நீங்கள் சங்கத்தின்ர ஆளோ, என்ர ஆளோ?" என்று கேட்டாள் கமலேஸ்வரி. "மாசம் கட்டுறது சந்தா. றோட்டுக்கும் லைற்றுக்கும். மற்றவன்ர பொருளில காலை நீட்டிப்போட்டுப் பிறகு 'எழும்பு' எண்டு சொல்லக் கேக்கிறதோ? இவ்வளவு காலமும் கேட்டது காணும்."

தவராசா அதற்குமேல் கதைக்கவில்லை. புதுவீட்டில் பால் காய்ச்சியபோது பொங்கி வழிந்த பால் கோட்டைத் தாண்டி மேற்கே ஓடியது. "சங்கத்துக்கும் ஒரு பங்கு போகுது" என்று மட்டும் சொன்னார். அவள் துணியால் துடைத்து எடுத்தாள்.

அப்படியே மூன்று வருசம். வருகிறவர்கள் கோட்டுக்கு அங்கால கதிரையைப் போட்டால், "கொஞ்சம் இங்கால அரக்கி இருங்கோ" என்பாள். கிழமைக்கொருக்கால் மேற்கறையைத் திறந்து தூசி தட்டி, யன்னலைத் துடைத்து, திரும்பப் பூட்டுவாள். அடுத்தவன் பொருளைப் பேணிக் கொடுக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. கிழக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கச் சாமிப் படம்; மேற்குச் சுவர் மொட்டை. ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். பாதி வீடென்றாலும் அதற்குள்ளிருந்து அவளை எழும்பச் சொல்ல ஒருவராலும் ஏலாது. அந்த நினைப்பிலேயே அவள் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில், குடாவுக்கு அக்கரையில், மூதூரில் சண்டை மூண்டது. துறைமுகப் பக்கமிருந்து அடித்த பீரங்கியில் புதுவீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் ஒருத்தி ரபீக்கா. நிறைமாதம். புருசன் ஸெய்னுதீன் மூதூரில் தையல்கடை வைத்திருந்தவர். மெசினை விட்டுவிட்டு மனைவியைத் தாங்கிக்கொண்டு நடந்தார். கந்தளாயிலிருந்து அம்புலன்சில் ஏற்றித் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். கமலேஸ்வரியின் வாட்டில்தான் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறந்தபோது கோழிக்குஞ்சளவு, அழக்கூடத் தெம்பில்லை.

ஒரு கிழமை கழித்து டொக்டர் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார். நாலு நாளைக்கு ஒருதரம் பிள்ளையைக் கொண்டுவந்து நிறை பார்க்க வேண்டும், ஈரத்திலும் புழுதியிலும் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். புழுதியில்லாத இடத்துக்கு ரபீக்கா எங்கே போவாள்? கந்தளாயில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது மரத்தடியில் ஒரு கூடாரம். நகரத்திலிருந்த சொந்தக்காரர் வீட்டிலே ஏற்கெனவே மூன்று குடும்பம். ஸெய்னுதீன் வாட்டு வாசலில் ஒரு பையோடு நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"என்ன தம்பி, துண்டு தந்தாச்சு. போகேல்லையோ?" என்று கமலேஸ்வரி வழக்கமான குரலில் கேட்டாள்.

"போவம் அக்கா. எங்க போறெண்டுதான் யோசிக்கிறன்" என்றார் அவர்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வழி விசாரிக்கிற மாதிரிச் சொன்னார். கமலேஸ்வரி நடுவீதியில் நின்ற நாள் அப்படியே வந்து அவள் முன்னால் நின்றது. ஆனாலும் அவள் கமலேஸ்வரி. அடுத்த கணமே கணக்குப் போட்டாள். வெளியாரை வைத்தால் வீடு போகும். என் பாதியில் வைத்தால்தானே போகும்? மேற்கறை சும்மா பூட்டிக்கிடக்கிறது. அது சங்கத்தின் பாதி. சங்கத்தின் பாதியில் இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, மூன்று பேரையும் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து மேற்கறையைத் திறந்துவிட்டாள்.

"தங்கச்சி, வடிவாக் கேள். இந்தக் கோட்டுக்கு அங்கால சங்கத்தின்ர, இங்கால எங்கட. நீங்கள் அங்கால இருங்கோ. ஆரும் கேட்டா, சங்கத்தின்ர இடத்தில இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. நான் கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு சொல்லாதேங்கோ."

"சரி அக்கா" என்றாள் ரபீக்கா.

அந்தப் பெண் சொன்னதை அப்படியே செய்தாள். அதுதான் கமலேஸ்வரிக்குத் தாங்கமுடியாமல் போனது. விறாந்தையின் மேற்கு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு, காற்றுக்கு அணையணைய மூட்டிச் சமைத்தாள். குசினிப் பக்கம் தலை வைத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் கமலேஸ்வரி வேலையால் வந்தபோது பிள்ளையின் தொப்பி கோட்டுக்கு இங்கால, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. காற்றில் பறந்து விழுந்திருக்கிறது. ரபீக்கா பிள்ளையின் தலையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு அங்கால இருந்தாள்.

"எடுக்கிறதுதானே?" என்றாள் கமலேஸ்வரி.

"உங்கட பக்கமெல்லோ அக்கா. நீங்க வரட்டும் எண்டு இருந்தன்."

கமலேஸ்வரி தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே போய்ச் சுறாப்புட்டு அவித்தாள். பால் ஊறுவதற்கு அதைவிட வேறென்ன இருக்கிறது. சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து கோட்டில் நின்றபடி நீட்டினாள். நீட்டும்போது, யன்னலுக்குள் நின்று வாளி எண்ணிய வீட்டுக்காரியின் முகம் தன் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது போலிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கோட்டை விட்டால் வீடு போய்விடுமே. அவள் கோட்டை விடவில்லை.

பிள்ளையில்லாத வீட்டுக் கொடியில் பிள்ளைத்துணி காய்ந்தால் ஊருக்குக் கண்ணில் படாதா? இரண்டாம் கிழமை ஞானசேகரம் சைக்கிளில் வந்து இறங்கினார். கொடியைப் பார்த்தார். விறாந்தையில் அடுப்பைப் பார்த்தார். ரபீக்கா எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

"கமலேஸ்வரி, இது ஆர்?"

"எனக்குத் தெரியாது சேர். உங்கட பாதியில இருக்கினம்."

ஞானசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையில் ஒன்றும் விளங்கவில்லை. "என்ன கதை கதைக்கிறீங்கள்? இஞ்ச பாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நாலு பேர் முறைப்பாடு சொல்லிப்போட்டினம், நான் எடுக்காமல் விட ஏலாது. அதுக்கு முதல் இவையை எங்கயாவது அனுப்பிப்போட்டீங்களெண்டா, வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு நானே சொல்லிக் கதையை முடிச்சுவிடுவன். அனுப்பாட்டி வீட்டின்ர கதை எப்பிடிப் போகுமெண்டு எனக்குத் தெரியாது. நான் உங்களுக்கு நல்லதுக்குச் சொல்லுறன்."

அவர் உண்மையாகவே நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் கமலேஸ்வரிக்குப் பயம் பிடித்தது. கெட்டவன் மிரட்டினால் திருப்பி ஏசலாம்.

அவர் போன பிறகு, அறைக்குள் ஸெய்னுதீன் பையைக் கட்டுகிற சத்தம் கேட்டது. கமலேஸ்வரி கோட்டில் வந்து நின்றாள்.

"தம்பி, ஆர் உங்களைக் கட்டச் சொன்னது?"

"உங்கட ஊடு போயிரும் அக்கா. எங்களால உங்களுக்குக் கரைச்சல் வேணாம்."

"என்ர வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அடுத்த நிறை எப்ப பாக்கிறது?"

"திங்கக்கிழமை."

"அப்ப திங்கட்கிழமை நிறையைப் பாருங்கோ. பையை அவிழுங்கோ."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தவராசா பக்கத்தில் இருந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, வீடு போனா நாங்கள் எங்க போறது?" என்று கேட்டாள்.

"முந்தி எங்க போனமோ அங்கதான்" என்றார் அவர். "பழகின வேலைதானே."

வேறு நாளென்றால் அந்தப் பதிலுக்கு அவர் வாங்கிக் கட்டியிருப்பார். அன்றைக்கு அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் கூட்டம். தலைவர் குலசிங்கம், தபால் கந்தோரில் வேலைபார்க்கிற பெரிய தொந்திக்காரர், மேசைக்கு நடுவில் இருந்தார். பக்கத்தில் ஞானசேகரம். சங்கத்து ஆட்கள் நீள வாங்குகள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலானோர் கமலேஸ்வரி வாய் திறப்பதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

முறைப்பாட்டை ஞானசேகரம் சொல்லி முடித்ததும் அவள் எழும்பினாள். நாலு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தது, தங்குதடையில்லாமல் வந்தது.

"வெளியாரை வைக்கக் கூடாதெண்டா என்ர பாதியிலதான் வைக்கக் கூடாது. கிழக்கு எங்கட, மேற்கு உங்கட. நீங்களே விருப்பமானதை எடுக்கச் சொன்னீங்கள், எடுத்தனான். மூண்டு வருசமா உங்கட பக்கத்தில நான் காலும் வைக்கேல்ல. தூசி தட்டினதுதான். இப்ப உங்கட பக்கத்தில ஆரோ வந்து இருக்கினமெண்டா அதை நீங்கள்தான் பாக்க வேணும். என்னைக் கேட்டா?"

பின் வாங்கிலிருந்து ஒருவர் சிரிக்கத் தொடங்க, அது முன்வாங்குவரைக்கும் வந்தது. குலசிங்கத்தின் தொந்தி குலுங்கியது. ஞானசேகரம் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"கமலேஸ்வரி, கோடு கீடு ஒண்டுமில்லை. அந்த வீட்டில ஒவ்வொரு கல்லிலயும் பாதி உங்கட, பாதி சங்கத்தின்ர. சங்கத்தின்ர பாதிக்குத்தான் நீங்கள் மாசாமாசம் வாடகை கட்டுறீங்கள். கட்டிக்கொண்டு வாறபடியால் வீடு முழுக்க உங்கட கையில. இந்த மூண்டு வருசமும் அந்த அறையில நீங்கள் படுத்திருக்கலாம், ஆடியிருக்கலாம், பாடியிருக்கலாம்."

"வாடகையோ? அது சந்தா இல்லையோ?"

"வாடகை."

குலசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தவராசாவைப் பார்த்தார். "தவராசா, உமக்குமா தெரியாது?"

"தெரியும். முதல் நாளே சொன்னனான்" என்றார் தவராசா. "சங்கத்தின்ர ஆளோ எண்டு கேட்டவ. பிறகு நான் கதைக்கேல்ல."

மறுபடி சிரிப்பு. கமலேஸ்வரிக்குக் காது இரண்டும் சுட்டது. மூன்று வருசம் பூட்டிவைத்துத் தூசி தட்டிய அறைக்குத் தானே வாடகையும் கட்டியிருக்கிறாள். அதைவிடச் சுட்டது, தொப்பியை எடுக்கப் பயந்து கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்த இருப்பு. இல்லாத ஒரு கோட்டுக்காக. சிரிப்பு அடங்குமட்டும் நின்றாள்.

ஞானசேகரம் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் சொன்னதை யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட வீட்டில ஆள் இருக்கினமோ, அல்லது சங்கத்தின்ர சொத்தில, சங்கத்துக்குச் சொல்லாமல், கொண்டுவந்து ஆள் வைச்சீங்களோ? உங்கட வாயால வரவேணும்."

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஒளிய இனி ஒரு பக்கமும் இல்லை என்பதுதான். நான் கூட்டி வரவில்லை, அவர்களாக வந்தார்கள் என்று ஒரு பொய் சொல்லலாம். வாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த நேரம் அந்தப் பொய் வரவில்லை.

"அப்ப நான் முதல் சொன்னது பிழை சேர்" என்றாள். "உங்கட பாதியில ஒருத்தருமில்லை. அவை என்ர வீட்டில இருக்கினம். அவையா வரேல்ல, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். பிள்ளை இன்னும் நிறை தேறேல்ல. கூடாரத்துக்குக் கொண்டுபோனா அது தப்பாது. எனக்குத் தெரியும், நான் அந்த வாட்டிலதான் நிக்கிறன். வீட்டை எடுக்கிறதெண்டா எடுங்கோ. பிள்ளை தேறுமட்டும் பொறுத்து எடுங்கோ. நான் எழும்பிப் பழகினவள். அந்தப் பிள்ளையை என்ர வாயால எழும்பச் சொல்ல எனக்கு ஏலாது."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. கமலேஸ்வரியின் குரல் உடைந்து கேட்டவர் அங்கே தவராசாவைத் தவிர ஒருவருமில்லை. பின் வாங்கில் சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாடகை ஏதும் வாங்கினீங்களோ?" என்று கேட்டார் ஞானசேகரம்.

"அவையிட்ட என்ன இருக்கு, நான் வாங்க?"

ஞானசேகரம் தலைவர் பக்கம் திரும்பினார். அவர் பேசினால் கச்சேரிக் கடிதம் வாசிக்கிற மாதிரித்தான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. "தலைவர், சங்கத்தின்ர சொத்தில அனுமதியில்லாமல் ஆள் வைச்சிருந்தா அது அத்துமீறல். அதுக்கு மன்னிப்பில்லை, வீட்டை எடுக்கத்தான் வேணும். ஆனா அவ அப்பிடிச் செய்யேல்ல. வாடகைக்கு விட்டிருந்தா அதுவும் பிழை. அதையும் செய்யேல்ல. தன்ர வீட்டுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து வைச்சிருக்கிறா. தன்ர வீட்டுக்கு வந்த ஆளை வைச்சிருக்க ஒருத்தருக்கும் சங்கத்தின்ர அனுமதி தேவையில்லை. முறைப்பாட்டில ஒண்டுமில்லை."

குலசிங்கம் வாங்குகளைப் பார்த்தார். முறைப்பாடு சொன்ன நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. "அப்ப அடுத்த விசயத்துக்குப் போவம்" என்றார் அவர். அடுத்தது வீதி விளக்கு.

கமலேஸ்வரி விளக்குக் கதைக்கு நிற்கவில்லை. தவராசா சைக்கிளை எடுக்குமுன் நடக்கத் தொடங்கிவிட்டாள். அக்கரையில் எங்கோ இரண்டு வெடி கேட்டது. வீதியில் போன சனம் ஒருகணம் நின்று மறுபடி நடந்தது. அவள் நிற்கவில்லை.

வீட்டில் ரபீக்கா விறாந்தையின் மேற்கு மூலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் பை கட்டியபடி. ஸெய்னுதீன் படியில் நின்றார். கமலேஸ்வரியின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

"ஊட்டை எடுக்கப் போறாங்களா அக்கா?" என்றாள் ரபீக்கா.

கமலேஸ்வரி கோட்டைத் தாண்டி வந்தாள். அந்தப் பக்கத்தில் அவள் விளக்குமாறும் திறப்பும் இல்லாமல் கால் வைத்தது அதுதான் முதல் தரம். குனிந்து பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். வாட்டிலே எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள்; வீட்டில் இதுதான் முதல் பிள்ளை.

"என்ர வீட்டை ஆர் எடுக்கிறது?" என்றாள். "எழும்பு ரபீக்கா, குசினிக்கு வா. நல்ல மீன் இருக்கு, என்ன கறி வைப்பம் எண்டு சொல்லு."